இருபதுக்குப் பிறகு

எவாரிஸ்தோ புருஸ்கெத்தி விட்டுப்போனவை:
பிரித்தபடி கிடக்கும் ஒரு படகு எஞ்சின்,
ஸ்பானர் பெட்டி,
பிஸ்கட் டப்பாவில் ஒரு எஃகுத் தகடு.
தகட்டில் ஆணியால் அடித்துப் பொறித்த
பன்னிரண்டு சொற்கள்.

ஏணி. முழங்கால். தேனீ. உப்பு.
இப்படியே போகும்.
சேர்த்துப் படித்தால் பொருள் வராது,
வரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

ரொசாரியோவில் ஜூலைக் குளிர்.
பரானா ஆற்றுப் பனிமூட்டம்
எங்கள் நோட்டரி அலுவலகக் கண்ணாடிவரை ஏறியிருந்தது.
அவனுடைய அக்கா நெலிதா
தகட்டை என் மேசையில் வைத்தாள்,
எடைபோட மீனை வைப்பதுபோல.
"காசெல்லாம் இதில்தான் என்பான்."

இதில் காசு இல்லை, என்றேன்.
காசு எல்லோரும் பார்க்கும் பேரேட்டில் இருக்கிறது.
இது சாவிகளின் கரு.
இந்தப் பன்னிரண்டையும்
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு சுற்று அரைத்தால் ஒரு விதை,
விதையிலிருந்து தாய்ச்சாவி,
அதற்குக் கீழே கணக்குகள்,
கணக்குக்குக் கீழே வாசல்கள்:
பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று
எண்ணி மாளாது.
எந்தச் சாவியும் எழுதிவைக்கப்படவில்லை.
கேட்கும்போது பிறக்கும்,
ஒவ்வொரு முறையும் அதே முகத்தோடு.

"ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று
தெருவில் பார்ப்பவனுக்குத் தெரியுமா?"
தெரியாது, என்றேன்.
"நல்லது" என்றாள். ஏனென்று கேட்கவில்லை.

சொற்களைத் தட்டினேன்.
பத்தாம் வாசல்வரை பணம் வந்து
செலவாகியிருந்தது.
பதினொன்று காலி. பன்னிரண்டு காலி.
முப்பதில் நிரல் கையை விரித்தது.
தொடர்ந்து இருபது வாசல் வெறுமையென்றால்
அது நடையை நிறுத்திக்கொள்ளும்.
தேடலுக்கு எங்காவது ஒரு முடிவு வேண்டுமே,
யாரோ இருபது என்று வைத்துவிட்டார்கள்.

இருப்பு: பூஜ்யம்.
படிவத்தில் அதை எழுத
பேனா மூடியைக் கழற்றியும்விட்டேன்.

நெலிதா எழுந்திருக்கவில்லை.
பையிலிருந்து கிரீஸ் படிந்த வேலை நோட்டு வந்தது.
ஒரு வேலைக்கு ஒரு புது வாசல்,
அப்படித்தான் அவன் பழகியிருந்தான்.
விசிறி மாற்றிய லுகோனி, "வெள்ளிக்கிழமை தருகிறேன்."
பாதிரியாரின் மோட்டார், "கடவுள் சாட்சி."
சித்தப்பா மகன் ரெய்னால்தோ,
மூன்று தடவை, மூன்று வாய்தா.
ஈர விரலால் தாளைத் தள்ளித் தள்ளி எண்ணினாள்.
வேலை முடிந்து கூலி வராதவை
வரிசையாக இருபத்தாறு.

நான் எல்லையை நூறாக்கினேன்.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
முப்பத்தாறும் காலி.

முப்பத்தேழில் பணம் இருந்தது.
தீவுப் பள்ளிக்கூடப் படகு,
வில்மா ஓரெகியா, சொன்ன தேதியில், முழுத்தொகை.
அதற்கப்புறம் முப்பத்தெட்டு. பிறகு நாற்பத்தொன்று.
ஒரு கல்லறைக்கல்லுக்கும் வாடகைப் பாக்கிக்கும் போதும்,
கொஞ்சம் மிஞ்சும்.

தொகையைச் சொன்னேன்.
தலையசைத்தாள், காது வேறெங்கோ.
"அந்தக் காலி வாசல்கள்...
அவன் போனதும் மூடிக்கொள்ளுமா?"

மூடாது. இன்று கட்டினாலும் வந்து சேரும்.

"இருபத்தாறையும் அச்செடுத்துக் கொடு.
பெரிய எழுத்தில்.
லுகோனிக்குக் கண் சரியில்லை என்பார்கள்."

அச்சு இயந்திரம் இருமி இருமித் துப்பியது.
ஒவ்வொரு நீண்ட எழுத்துக்கோவைக்குப் பக்கத்திலும்
நோட்டைப் பார்த்து ஒரு பெயர் எழுதினாள்.
ரெய்னால்தோ வந்தபோது மட்டும்
பேனா கொஞ்சம் அழுந்தியது.

தகடு மறுபடி பிஸ்கட் டப்பாவுக்குள்.
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள்.

"இன்று வெள்ளிக்கிழமைதானே?"