ஓ, என்

இன்செய்ன் சிறை மதிலில்
பதினோரு தாள்கள் ஒட்டியிருந்தார்கள்.
பசை இன்னும் காயவில்லை.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் விடுதலை
என்றது வேனின் ஒலிபெருக்கி.

எண்ணிக்கை தெரியாதபோது
ஓர் எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன் வகுப்பில்,
எனக்கு வகுப்பு இருந்த காலத்தில்.
ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்கு என் என்று பெயர்.
தமிழ்க் காதில் விழுந்தால் அது உடைமை:
என் தம்பி. என் வரிசை. என் வெயில்.

அகரவரிசை இல்லை.
இந்த ஊரில் குடும்பப் பெயரும் இல்லை.
நடுவில் திறந்து பாதியைத் தள்ளிவிடும் வித்தை
இங்கே செல்லாது.
முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாக.

தம்பிக்குக் கோர்ட்டில் ஸா வின்,
வீட்டில் தணிகாசலம்,
பிடித்துப்போன போலீஸ்காரன் எழுதிக்கொண்டபடி டானிகா.
வரிக்கு மூன்று முறை ஒப்பிட வேண்டும்.
மூன்றைச் சேர்க்காதே என்கிறது குறியீடு,
மாறிலிகள் உதிர்ந்துவிடுமாம்.
உதிரட்டும்.
குதிகால் மட்டும் மூன்றையும் வைத்திருந்தது.

யாரோ என் கையைப் பிடித்தாள்.
ஹ்லைங்தாயாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்.
"கண்ணாடியைத் தையல் மெஷின் மேலேயே விட்டுட்டேன்.
பியோ தெட் இருக்கானா பாரேன்."
முதல் தாள், மூன்றாம் வரி.
சொல்லி முடிப்பதற்குள் ஓடிவிட்டாள் வாசல் பக்கம்,
ஒரு செருப்பு இங்கேயே கிடந்தது.

சிறந்த நிலை என்று ஒன்று உண்டு.
பொய் இல்லை.
தேடியவரின் திறமையும் இல்லை.
தட்டச்சு செய்தவன்
காலையில் எந்தக் கோப்பை முதலில் எடுத்தானோ, அது.

சராசரி முந்நூற்று ஆறரை.
எந்த இடத்திலும் அவன் இருக்கச் சம வாய்ப்பு,
பட்டியலில் அவன் நிச்சயம் இருக்கிறான்,
இந்த இரண்டையும் நம்பினால்.
முதலாவதை நம்பலாம்.
முந்நூற்று ஆறில் நின்றேன். ஏழில் நின்றேன்.
ஏழாமவன் என் மாணவனாக இருக்கலாம்,
இங்கே ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு.
அந்த அரைப் பெயரின் இடத்தில்
பசை ஒரு கோடாக வழிந்திருந்தது.

நானூற்று நாற்பதில் ஒரு ஸா வின்.
தகப்பன் பெயர் உ கோதண்டம் இல்லை.
அந்த ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் செலவானது என்று
எந்த அட்டவணையிலும் போட முடியாது.

பிள்ளைகள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று:
ஓ என்றாலே மோசமான நிலை என்று எழுதுவார்கள்.
இல்லை. ஓ ஒரு கூரை.
எந்த நாளுக்கும் போடலாம், நல்ல நாளுக்கும்.
இதற்கு மேல் போகாது என்று மட்டும் சொல்லும்.
மோசமான நிலை வேறு கேள்வி:
எந்தப் பட்டியலைக் கொடுத்தால் அதிகம் நடப்பாய்?
அதற்கு விடை இரண்டு.
பெயர் கடைசியில் இருப்பது.
பெயர் இல்லாமலே இருப்பது.
இரண்டுக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு,
கணக்கில் இரண்டும் ஒன்று.
இதை எழுதியவர்களுக்கு
முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

பதினோராம் தாள்.
அறுநூற்றுப் பத்து, பதினொன்று.
பன்னிரண்டாவது யாரோ ஒரு கிழவர்,
அவருக்கும் தகப்பன் பெயர் போட்டிருந்தது.
அப்புறம் முத்திரை.

நிரல் இங்கே
'இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு
முடிந்துபோகும்.
தமிழ் ஓகாரம் முடியாது.
கேட்பதற்கும் வரும், கைவிட்டதற்கு இரங்கவும் வரும்.
விட்டுப்போனதோ,
வேறு பெயரில் இருக்கிறானோ,
வேறு சிறையிலோ.

ஒற்றைச் செருப்பை எடுத்து
மதிலோரம் சாய்த்து வைத்தேன்.
தேடி வருவாள்.

முதல் தாளுக்குப் போனேன்.
மறுபடி படி என்று
எந்தப் படிமுறையிலும் ஒரு வரி கிடையாது.
பசை காய்ந்து ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது,
விரலால் அழுத்திப் பிடித்தேன்.
முதல் பெயர்.
இரண்டாவது.
பியோ தெட்.