கச்சானுக்கு ஒரு ரசீது

வாலிநோக்கத்தில் கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
மீட்டர்க்காரம்மா என்றால் நான்தான்.

கடல் உள்ளே வரும் பெருங்குழாயில்
மின்காந்த மானி வைத்திருக்கிறேன்.
உள்ளே சக்கரமில்லை, குறுக்கே எதுவுமில்லை;
பாசியும் சிப்பித் துணுக்கும் முட்டாமல் போகும்.
உப்பு அதற்குப் பகையில்லை,
உப்பிருந்தால்தான் அதற்குப் பேச்சே வரும்.

வடிகட்டியைக் கழுவ ஊதும் காற்றுக்கு வேறொன்று:
நடுவில் ஒரு கட்டை,
கட்டையின் முதுகில் பிறக்கும் சுழிகளை எண்ணும்.
மெல்ல ஊதினால் சுழி பிறக்காது.
அப்போது காற்றே இல்லை என்று சாதிக்கும்.
இன்னொன்று, ஆனி மாத நடுப்பகலின் ஒரு கனமீட்டர்
விடியலின் ஒரு கனமீட்டர் இல்லை.
வெக்கையையும் அழுத்தத்தையும் கேட்காமல்
காற்றுக்குக் கணக்கெழுதுகிறவன்
நிழலை முழம் போடுகிறவன்.

பளபளக்கும் தாளோடு விற்க வருகிறவர்களிடம்
விலையைக் கடைசியில்தான் கேட்பேன்.
முதல் கேள்வி:
உங்கள் கருவிக்கு எதை அளக்கத் தெரியாது?
பாதிப்பேர் தேநீரை முடிக்காமலே எழுந்துவிடுகிறார்கள்.

ஒத்தப்பனைக் குடியிருப்புக்குப் போகும் குழாயில் மட்டும்
எனக்கு முந்தி யாரோ வாங்கிப்போட்ட சக்கர மானி.
மலிவு. பம்பை ஒட்டிய முழங்கை வளைவிலேயே
இடம் மிச்சம் என்று மாட்டியது.
அது சொன்னது நாற்பத்திரண்டாயிரம் லிட்டர்.
தொட்டியில் விழுந்ததோ முப்பதாயிரத்துச் சொச்சம்.
மேலாளர் தியோடர் கோப்பில் எழுதினார்:
வழியில் திருட்டு.

அங்கே நம்புவள்ளி
தொட்டிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.
குடத்துக்கு ஒரு கோடு, பத்துக்கு ஒரு சாய்ப்பு.
மழை பெய்யாத ஊர், கோடு அழியவில்லை.
"வீட்டுக்கு நாலு கொடம்கூட வரல.
எந்தத் திருடன் தூக்கிட்டுப் போனான்,
வந்து வீடு வீடாப் பாரு."

மறுநாள் விடியுமுன் கலீலுடன் போனேன்.
குழாயை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி,
மீயொலி மானியின் இரு காதுகளையும் கட்டினேன்.
பம்பு ஓடத் தொடங்கியது.
சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது.
என் கருவி காட்டியது ஒரே வரி:
சமிக்ஞை இல்லை.

கலீல், "பேட்டரி போச்சாக்கா?" என்றான்.
இல்லை.
குழாய்க்குள் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை.
இரவெல்லாம் காலியாகக் கிடந்த இரண்டு மைல்
காற்றைக் குடித்து வைத்திருக்கிறது.
நீர் பின்னால் தள்ள, காற்று முன்னால் ஓட,
சக்கரம் அதையும் தண்ணீர் என்றே
எண்ணித் தள்ளுகிறது.
தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த கருவி
என் கையில் இருந்தது.
சொல்லத் தெரியாதது ரசீது போட்டுக்கொண்டிருந்தது.

நம்புவள்ளியிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை, முதலில்.
"காத்துக்கா காசு கட்டுனோம்?
எந்தக் காத்து? கச்சானா, கொண்டலா?"
பிறகுதான் சிரித்தாள்.
"காத்துள்ளபோதே தூத்திக்கிட்டான் உங்காளு."

என் அறிக்கையில் இருப்பவை:
மேட்டில் காற்றுப்போக்கி ஒன்று.
மானி இருக்கும் இடத்தில் குழாயைப் பள்ளமாக இறக்கவும்,
எந்நேரமும் அது நிறைந்தே நிற்கட்டும்.
வளைவிலிருந்து தள்ளி, குழாயின் அகலத்தைப்போல்
பத்து மடங்காவது நேராக ஓடவிட்டு அப்புறம் மாட்டவும்.
தியோடர் எல்லாவற்றுக்கும் பச்சைமையில் சரி போட்டார்.
திருட்டு என்ற சொல்லை மட்டும் அடிக்கவில்லை.
பழைய கோப்பாம், திருத்தக்கூடாதாம்.

புதிய மானி வந்து பதினாறு நாள்.
அதன் எண்ணும் கரிக்கோடும்
ஒரு குடம் முன்னே பின்னே ஒத்துப்போகின்றன.
ஆனாலும் கோடு போடுவதை அவள் நிறுத்தவில்லை.

"எட்டு மாசத்துக் காத்துக் காசு எப்பத் திரும்பும்?"
என்று நேற்றும் கேட்டாள்.
படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
அதற்கு ஒரு கட்டம் இல்லை.
ஓரத்து வெள்ளையில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.