பக்கத்துல என்னங்க இருக்குது

பேரிடர் மேலாண்மை அலுவலகம், மண்டலம் மூன்று
என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.
பழைய எடைமேடை என்று கேளுங்கள்.
பருத்தி லாரிகள் ஏறி நின்ற இரும்புப் பலகை
இன்னும் வாசலில் கிடக்கிறது.
நாங்கள் ஏறினால் முள் அசைவதில்லை.
வலப்பக்கம் கோழிக்கடை, இடப்பக்கம் மூடிய ஏடிஎம்,
எதிரே மாகாளியம்மன்,
அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டிரான்ஸ்பார்மர்.

உள்ளே இரண்டு ரப்பர் படகு, ஒன்று பஞ்சர் ஒட்டியது.
மணல் மூட்டை, பதிவேட்டில் நாற்பது.
எண்ணினால் முப்பத்தொன்று.
ஒரு போன், அதற்கு நான்.
படகுக்குச் சென்னியப்பண்ணன்,
தறிக்குழியைத் தவிர வேறு ஆழம் கண்டிராதவர்.

ஐப்பசியில் நொய்யல் ஏறினால்
பள்ளத்துத் தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பி வரும்.
அப்போது கூப்பிடுகிறவர்கள் கதவு எண் சொல்வதில்லை.
“ஏனுங்க்கா, வேப்பமரத்துக்குப் பொறவால மூணாவது ஊடுங்க.”
மரத்தை வெட்டி ஆறு வருஷம்.
தியேட்டர் என்பார்கள், அது கல்யாண மண்டபம்.
சங்கு ஊதுற மில்லு என்பார்கள்,
ஊதி எத்தனையோ காலம்.
ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடுவோம்.
எது எங்கே இல்லை என்பது எனக்கு மனப்பாடம்.

ராத்திரி ஒன்றே முக்கால்.
“பானி, மேடம். பானி.”
பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில்
ஒன்பது வருஷம் நின்றவள் நான்.
அங்கே ஒட்டிக்கொண்ட இந்தியில் கேட்டேன்:
பக்கத்தில் என்ன?
“ரூம்.”
ரூமுக்குப் பக்கத்தில்?
“ரூம்.”
ஊருக்கு வந்து பதினோரு நாளாம்.
வேனில் இருட்டோடு வந்து இறங்கியிருக்கிறான்,
ஷிப்டுக்குப் போவதும் இருட்டில், வருவதும்.
அவனுக்கு இங்கே கோயில் இல்லை, பேக்கரி இல்லை,
வெட்டிப்போட்ட மரம்கூட இல்லை.

வைத்துவிடாதே, டார்ச் அடி, என்ன தெரிகிறது?
தண்ணீர், என்றான்.
தண்ணீர் எப்படி?
மூச்சு மட்டும் கேட்டது.
அப்புறம்: “ஜாமுனி.”

நாவற்பழம்.

கோயில் வீதித் தண்ணீர் செம்மண்,
பள்ளத்துத் தண்ணீர் மை.
நாவற்பழத் தண்ணீருக்கு ஒரே வழிதான்:
சாயப்பட்டறையின் பின்மதில் ஓட்டை.
மழை வலுத்து, ஊர் போர்த்திப் படுத்த பிறகு
அதைத் திறந்துவிடுகிற கை ஒன்று உண்டு.
சாயங்காலம் டூட்டிக்கு வரும்போது
அந்தச் சந்தில் வேகத்தடை ஏறிய டெம்போவிலிருந்து
ஈரத்துணி உருளைகள் அதே நிறத்தில் சொட்டின.
பழைய கண், குறித்து வைத்திருந்தது.

அண்ணா, பாய்லர் குழாய்க்குக் கீழே, தாழ்வான லைன் வீடுக.
அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பதினான்கு பேர், நான்கு நடை.
ஒருவன் குக்கரை விடமாட்டேன் என்று
அதை மடியில் வைத்தே வந்தான், உள்ளே சோறு.
எடைமேடையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.
இருபத்தெட்டுக் கால்களும்
முட்டிவரை நாவற்பழம்.
என் புத்தி, என்ன செய்வது,
ஷேடு மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தது.
மாறவில்லை.

விடிந்ததும் படிவம்.
‘சம்பவ இடத்தின் அடையாளம்’ என்று ஒரு கட்டம்.
நடந்ததை எழுதினேன்.
பொறியாளர் வந்து படித்தார், மறுபடி படித்தார்,
என் பேனாவையே வாங்கி அடித்துவிட்டு
‘மாகாளியம்மன் கோயிலுக்குக் கிழக்கே’ என்று எழுதினார்.
கிழக்குதான். பொய்யென்று சொல்ல முடியாது.

ரபீந்திர மாஜி என்று பெயர் சொன்னவன்
பத்து மணிக்கு ஊருக்குப் பேசினான்.
எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள் போல,
வாசலை எட்டிப் பார்த்தான்.
கோழிக்கடையைப் பார்த்து ஒரு சொல்,
ஏடிஎம்மைப் பார்த்து ஒரு சொல்,
அம்மனைப் பார்த்துக் கொஞ்சம் நீளமாக.
பிறகு உள்ளே திரும்பினான்.
‘மேடம்’ என்றது மட்டும் எனக்குப் புரிந்தது.