இணைப்பு இரண்டு

கூட்டறிக்கை எழுதுவது என் வேலை.
'கலந்துரையாடப்பட்டது' என்று நான் எழுதினால்
யாரோ மேசையில் அடித்திருப்பார்கள்.
'அவதானிக்கப்பட்டது' என்றால்
ஒருவருக்கும் விருப்பமில்லை.
இருபத்திரண்டு வருசமாக
இதுதான் என் தமிழ்.

அன்று கிளிநொச்சியில் பேரவைக் கூட்டம்.
குளிரூட்டி பழுது.
ஏழாவது விடயம், பெண்கள் விடுதிக்குக் காணி:
கரிப்பட்டமுறிப்பில் பதினெட்டு ஏக்கர்,
மறைமாவட்டம் தருகிறது.
வாசித்து முடிக்க முன்னரே
குருமுதல்வர் எமிலியாம்பிள்ளை
கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.
"இது எங்கட காணி. நான் இருக்கக் கூடாது."
கண்ணாடியை மேசையிலேயே மறந்து
வெளியே போனார்.

மூன்று தவணை பேரவை,
இரண்டு உபவேந்தர் தெரிவுக்குழு,
அதற்கு முந்தி
முல்லைத்தீவில் பதினாறு வருசம் அதிபர்.
இடம்பெயர்வில் சுரூபத்தை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு
சேர்வு இடாப்பைத் தான் சுமந்தாராம்.
உண்மையா என்று ஒருமுறை கேட்டேன்.
"சுரூபம் வேற வாங்கலாம்.
இத்தனை பிள்ளையளின்ர பிறந்த திகதியை
எந்தக் கடையில வாங்குறது?"
சிரிக்கவில்லை.

உள்ளே
யானை வரும் என்றார் ஒரு பீடாதிபதி.
மின்வேலி போடலாம் என்றார் இன்னொருவர்.
பிறகு இணைப்பு இரண்டுக்கு வந்தார்கள்.
ஒரே பக்கம், அவருடைய சாய்ந்த எழுத்து:
'வடக்கு மூலை இரண்டு ஏக்கரில்
சிவக்கொழுந்து என்பவர் கச்சான் செய்கிறார்.
அவரிடம் உறுதி இல்லை.
அவரை எழுப்ப வேண்டாம்.'
நிபந்தனையோடு எடுத்தால்
கணக்காய்வு கேள்வி கேட்கும் என்றார் நிதியாளர்.
ஒன்பதுக்கு நான்கு.
'இணைப்பு ஒன்று மட்டும் ஏற்கப்பட்டது'
என்று எழுதினேன்.
'மட்டும்' தேவையில்லாத சொல்.
தெரிந்துதான் எழுதினேன்.

திரும்பி வந்து கண்ணாடியைப் போட்டார்.
வரைவை வாசித்த விரல்
அந்தச் சொல்லில் நின்றது.
வாயைத் திறந்தார்.
"பாதர், இந்த விடயத்தில நீங்கள் கதைக்கேலாது"
உபவேந்தர் மெதுவாகத்தான் சொன்னார்.
"ஓம். பிழைதான்."
மறுபடி வெளியே.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
தண்ணீர்த் தாங்கியடியில் நின்றார்.
செம்புழுதி படிந்த சேட்டு;
மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்.
முதலாம் வருடப் பிள்ளை ஒன்று
கையில் படிவங்களோடு அவரிடம் ஏதோ கேட்டது.
(உங்கட பிள்ளை எந்தப் பீடம் அங்கிள்? என்று கேட்டதாம்.
இன்னும் முடிவாகேல்லை என்றாராம்.
காரியாலயப் பொடியன் பிறகு சொன்னான்.)
அவளிடமே பேனை வாங்கினார்,
வெட்டி எழுதிப் பழுதான ஒரு தாளும்.
சுவரில் வைத்து எழுதினார்.

கடிதம் உள்ளே வந்தது,
கொடையாளரிடமிருந்து பேரவைத் தலைவருக்கு:
'பதினெட்டில் இரண்டு போனால் பதினாறு.
பதினாறு என்று எழுதவும்.
அல்லது பூச்சியம் என்று எழுதவும்.'
கீழே கையொப்பம், திகதி.
சிலர் சிரித்தார்கள். ஒருவர் மேசையில் அடித்தார்.

கலந்துரையாடப்பட்டது.
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
அடுத்த கூட்டத்திலும்.

கோப்பில் வைக்கும்போதுதான் திருப்பிப் பார்த்தேன்.
விடுதி அனுமதி விண்ணப்பம்.
பெயர் தர்மிலா, ஊர் மல்லாவி.
வீட்டிலிருந்து தூரம் என்ற இடத்தில்
நாற்பதை வெட்டி
நாற்பத்தாறு என்று எழுதியிருந்தாள்.
அவர் மறுபக்கம் பார்த்தாரா,
தெரியாது.

துளை குத்த வேண்டும்.
எந்தப் பக்கம் மேலே வருவது என்று
தாளைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.