சோமனூர், ஐந்தாவது ட்ராக்

தறிகள் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு ஸ்டுடியோ.
சுவரெல்லாம் பஞ்சு படிந்திருக்கிறது,
எதிரொலி வர வழியில்லை.

நான் ட்ரோம்போன்.
முகூர்த்த நாளில் மாப்பிள்ளை ஊர்வலம்,
மற்ற நாளில் பல்லடம் எடைமேடையில்
கோழித்தீவன லாரிக்குச் சீட்டுப் போடுகிறவன்.
ட்ரம்பெட் ஞானசிகாமணிக்கு முன்பல் ஒன்று கட்டினது;
உச்சிக்கு ஏறும்போதெல்லாம்
நான் அவன் வாயையே பார்ப்பேன்.
சாக்ஸ் மரகதம். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து
காதுப் பஞ்சை எடுக்காமலே வந்து உட்கார்வாள்.
நூருல்லாவின் கீபோர்டில் இரண்டு கட்டை ஊமை.
அந்த இரண்டையும் தாண்டித் தாண்டி
அவன் கண்டுபிடித்த கோர்டுகள்
கொஞ்சம் புளித்த மோர் மாதிரி,
கீழே வைக்கவும் மனசு வராது.

ஒன் டூ த்ரீ கிடையாது.
டிரம்ஸ் மாகாளி குச்சியைத் தூக்கி
"ஒட்டுக்கா" என்பான்,
விழுவோம்.

ஐந்தாவது ட்ராக் ஏழெண்ணிக்கை.
பாதியில், அடுத்த பட்டறையில்
சென்னியப்பன் தறியை ஓட்டிவிட்டார்,
ஈரோடு சந்தைக்குத் துணி போகணுமாம்.
அது நாலில் அடிக்கிறது.
நிறுத்தச் சொல்லி நான் கை தூக்கினேன்.
மாகாளி தலையாட்டினான், வேண்டாமென்று.
நாலும் ஏழும்
இருபத்தெட்டுக்கு ஒருதரம் முட்டிக்கொள்ளும்;
முட்டுகிற இடத்தில் மட்டும்
ஊதுகிற மூன்று பேரும் மூச்சு வாங்கினோம்.

அப்புறம் அங்கே ஊடை அறுந்தது.
தறி நின்ற பள்ளத்தில்
நான் காலை விட்டுத் தடுமாற,
மரகதம் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்
யாரோ நூலை முடிகிற வரைக்கும்.
திரும்ப ஓடியபோது
தறி அரை எண்ணிக்கை தள்ளி இருந்தது.
நாங்களும் தள்ளிக்கொண்டோம்.

அட்டையில் போட்டோம்: தறி, சென்னியப்பன்.
"ஏனுங், பேரு மட்டுந்தானுங்களா?" என்றார்.
இருநூறு பென் டிரைவில்
முப்பத்தொன்று போயிருக்கிறது.

நேற்று எடைமேடை அறையில் போட்டிருந்தேன்.
கணவாய்க் காத்து கதவை அடித்துக்கொண்டிருந்தது.
நாமக்கல் வண்டிக்காரர் ஜன்னலில் தலை நீட்டி,
"இது கண்ணாலத்துக்கு ஊதறதா, எழவுக்கா?"
ரெண்டுக்குமில்லைங்க, என்றேன்.
சீட்டை வாங்கி மடித்தார்.
வண்டியை மேடையை விட்டு எடுக்கவில்லை.
பின்னால் மூன்று லாரி ஹாரன்,
ஒன்றுகூட ஒட்டுக்கா இல்லை.