இரண்டு முறை

பதினொன்றே கால்.
பாயான் லெப்பாஸ் ஆலையில் கார்டு தட்டிவிட்டு
கையுறை வாடை விரலை விட்டுப் போகுமுன்னே
மோட்டாரை எடுத்தேன்.
தெலுக் கும்பார் தாண்டினால் சாலை மலையேறும்.
தெருவிளக்குகள் கூட வராது.

முதல் வளைவில் ஒரு ஹைலக்ஸ்.
ஹை பீமை இறக்கவில்லை.
வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை.
கோடு போயிற்று, ஓரம் போயிற்று,
என் கையே எனக்குத் தெரியவில்லை.
ஞாபகத்தில் ஓட்டினேன் மூன்று விநாடி.
ஒரு குழியில் ஏறி இறங்கினேன்.
தமிழில் தொடங்கி
மலாயில் முடித்தேன் திட்டை,
புரியட்டும் என்று.
அவனுக்கு அதெல்லாம் கேட்டிருக்காது.

அடுத்த வளைவில் எதிரே ஒரு லோரி.
இரண்டு முறை சிமிட்டிற்று.
இங்கே அதற்கு அர்த்தம்
முன்னால் போலீஸ்.
முகம் தெரியாதவருக்கும் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம்.
ஹெல்மெட் வாரை இறுக்கினேன்.
ரோட் டெக்ஸ் உண்டு, லைசென்ஸ் உண்டு.
மெதுவாகவே போனேன்.
டுரியான் தோட்டம் வந்தது, கோயில் வந்தது,
போலீஸ் வரவில்லை.
ஒரு மைவி. அதுவும் இரண்டு முறை.
என்ன, இன்றைக்கு எல்லாருக்கும் இத்தனை கருணை?

பின்னால் வந்துகொண்டிருந்த காடி
சந்தில் திரும்பிற்று.
சாலை அணைந்தது.
அத்தனை நேரமும்
அடுத்தவன் வெளிச்சத்தில்
ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.
லோரிக்காரன் சொன்னது போலீஸை அல்ல,
என்னை.

போலீஸும் இருந்தது. பாலிக் புலாவ் முக்கில்,
ஆரஞ்சுக் கூம்புகளோடு.
கார்ப்பரல் ஹஸ்னி மரியாதையானவர்.
ஹைலக்ஸைச் சொன்னேன், குழியைச் சொன்னேன்.
'நம்பர் பிளேட்?' என்றார்.
கண்ணைப் பறித்தவனின் நம்பரை
எந்தக் கண்ணால் பார்ப்பது?
எழுதினார். முன்னூறு வரைக்கும் போகலாமாம்,
சீக்கிரம் கட்டினால் குறையுமாம்.
குணமலர் என்ற பெயரில்
ஓர் எழுத்தை விட்டுவிட்டார்.
திருத்தச் சொல்லவில்லை. பாதி சமன்
அந்தப் பெயர் தெரியாதவளுக்குப் போகட்டும்.

மோட்டாருக்குப் பகலிலும் விளக்கு எரியவேண்டும், சட்டம்.
உச்சிவெயிலிலும்
இருக்கிறேன், இருக்கிறேன் என்று
சொல்லிக்கொண்டே போகவேண்டும் நாங்கள்.
ஹைலக்ஸுக்கும் சட்டம் உண்டு:
எதிரே ஆள் வந்தால் தாழ்த்து.
கட்டைவிரல் அளவு வேலை.

வீடு வரைக்கும் தள்ளினேன்,
கைப்பேசி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
வாயில் பிளாஸ்டிக் ருசி.
வந்த காடிகளில் இரண்டு தாழ்த்தின.
ஒன்று தாழ்த்தவில்லை.

காலையில் ஆ செங் கடை.
'வெள்ளை போடு, அமோய், நல்லா அடிக்கும்,
எல்லாப் பையனும் இதுதான் வாங்குறான்.'
மஞ்சளே போதும் என்றேன்.
பதினோரு வெள்ளி.
மாட்டிவிட்டு, எரிகிறதா என்று பார்க்க
விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தான்.
கிரீஸ் படிந்த விரல்களுக்கு நடுவே
தோல் சிவப்பாக எரிந்தது.
வெளியே வெயில்.
அணைக்காமலே கிளம்பினேன்.