லிங்ஃபீல்டில் மழை

இன்று லிங்ஃபீல்டில் மழை.
தரை இளகியிருக்கும், முன்னோடும் குதிரைக்கு ஆகாது.
இது எனக்குத் தெரிந்திருந்தது.
கொட்டாஞ்சேனையில் மத்தியானத்திலிருந்து கொட்டுகிறதென்றும்
எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீரென்றும்
மகளை யாரோ ஆட்டோக்காரர் தோளில் தூக்கிவந்து விட்டாரென்றும்
இரவு பத்தரைக்குத்தான் தெரிந்தது.

"எங்க இருந்தீங்க?"
"கடையில. ஸ்டொக் எடுத்தோம்."
எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி
சத்தமில்லாமல் வழுக்கிப் போனது பொய்.

ஐந்துலாம்புச் சந்தியில் இரும்புக்கடை.
பதினாறு வருடமாக நான் கணக்கப்பிள்ளை.
இரண்டங்குல ஆணியில் ஒரு பொதி குறைந்தாலும்
முதலாளிக்கு முந்தி எனக்கு வியர்க்கும்.
என்னுடைய கணக்கு மட்டும்
பஸ் டிக்கட்டின் பின்புறத்தில், பென்சிலில்.
வென்றதை 'வரவு' என்று எழுதுவேன்.
தோற்றதை 'நிலுவை' என்று எழுதுவேன்,
கடல் கடந்த ஊரில் ஓடும் அந்தக் குதிரைகள்
எனக்குத் தரவேண்டிய கடன் போல.

தையற்கடைக்கு மேலே ரேஸ் புக்கி.
படியேறியதும் உபாலி கதிரையை இழுத்துப் போடுவான்.
"மாத்தையாவுக்குப் பிளேன்ரீ!"
ஏழு வருடத்தில் ஒரு நாளும் அதற்குக் காசு வாங்கியதில்லை.
நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஒருமுறை எண்பத்தையாயிரம் விழுந்தது.
இறால் வாங்கினேன். மகளுக்குச் சப்பாத்து.
ஆனால் காசை எண்ணும்போதே
கண் சுவர்மணிக்கூட்டில் இருந்தது:
அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் நாலு நிமிடம்.
சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவசரம் வந்து குந்தியிருந்தது.
அன்றைக்கே பயந்திருக்கலாம்.
வியாழக்கிழமை சப்பாத்து மட்டும் மிஞ்சியது.

ஜெசிந்தா சீட்டுக்காசை
அரிசிப் பேணியிலிருந்து மாற்றினாள்,
பிறகு மா டின்னிலிருந்து,
பிறகு அந்தோனியார் படத்தின் பின்னாலிருந்து.
ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தேன்.
ஒவ்வொரு முறையும் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
சங்கிலி செட்டியார் தெருவுக்குப் போன கிழமை
கழுத்துவரை பட்டன் பூட்டிக்கொண்டு பூசைக்கு வந்தாள்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை.
கடைப் பேரேட்டில், பேனையால்,
எண்ணாயிரம் ரூபாய்க்கு எழுதினேன்:
'ஆணி – உடைவு.'
முதலாளி பார்த்துக் கையொப்பம் வைத்தார்.
நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆணி எப்படியடா உடையும்?

பெரியாஸ்பத்திரியில் துண்டு தந்தார்கள். பதினேழு.
உடனே மனம் பதினேழாம் நம்பர் ஜொக்கியின் சட்டை நிறத்தைத் தேடியது.
வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்
தன் துண்டைச் சிறிது சிறிதாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.
நானும் அவரும் கண் சந்திக்கவில்லை.

டொக்டர் சின்னப் பெண். உடைந்த தமிழ்.
நித்திரை வருகிறதா என்றாள்.
விட்டதைப் பிடிக்கத் திரும்பிப் போவீர்களா என்றாள்.
ஓம்.
கைத்தொகையை யாருக்கும் மறைக்கிறீர்களா?
நான் சுவரைப் பார்த்தேன். அவள் எழுதிக்கொண்டாள்.
"நிறுத்திப் பார்த்தீர்களா?"
"ஒவ்வொரு பெரிய வெள்ளியும் நிறுத்துவேன், மிஸ்.
அது மூன்றாம் நாள் உயிர்த்தெழும்பும்."
சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
"மொத்தம் எவ்வளவு?"

ஏழு வருடத்தில் நான் அதைக் கூட்டியதேயில்லை.
பேனையை என் பக்கம் தள்ளினாள்.
பையிலிருந்த டிக்கட்டுகளை மேசையில் கொட்டினேன்.
வெளியே பதினெட்டு, பத்தொன்பது காத்திருந்தார்கள்.
ஒன்பது இலட்சத்துப் பன்னீராயிரம்.
வாய்விட்டுச் சொன்னபோது
யாரோ வேறொருவருடைய விலாசம் போல் இருந்தது.

அடுத்த செவ்வாய் மனைவியையும் கூட்டிவரச் சொன்னாள்.
சம்பளத்தை அவள் கையில் கொடுக்கச் சொன்னாள்.
திரும்பும்போது பஸ் தையற்கடையைத் தாண்டியது.
மணி ஆறு நாற்பது. முதல் ஓட்டம் தொடங்கியிருக்கும்.
முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

ஜெசிந்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
மன்னிப்பு என்ற சொல் தொண்டையில் நின்றுவிட்டது.
தொகையை மட்டும் சொன்னேன்.

கத்தியை வைக்காமலே சொன்னாள்:
"பதினாலாயிரம்.
நத்தாருக்கு மகளின்ர உண்டியல்ல எடுத்த ரெண்டாயிரத்த
நீங்க சேக்கல்ல."

திரும்பக் கூட்டினேன்.
அவளுடைய கணக்குத்தான் சரி.